முதலை கொடுத்த சொல்லும் நரி கூட்டிய கூட்டணியும்

கொக்குப்பாறை மடுவில் ஒரு முதலை இருந்தாள். பெயர் மடுவாச்சி. அந்த மடுவின் மேற்குக் கரைக்கு நாற்பது புள்ளிமான்கள் தினமும் காலையில் வந்து தண்ணீர் குடித்தன. முதலை பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். மான்கள் குடித்துவிட்டு, குட்டிகளையும் குடிக்கவிட்டு, சாவகாசமாகத் திரும்பிப் போகும்.

கதை விடுகிறேன் என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். மூக்கு நனைய நனையக் குடிக்கும் குட்டிகள், பத்தடி தள்ளி ஒரு முதலை, நடுவில் அசையாத தண்ணீர். இப்போது போய்ப் பாருங்கள், அந்தக் கரையில் ஒரு குளம்புத் தடம்கூட இருக்காது.

அது எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் காடு வறண்ட காடு. மாசி முடிந்தால் ஓடையெல்லாம் நின்றுவிடும். மழை வரும்வரை மடு ஒன்றுதான் கதி. முன்பெல்லாம் மான்கள் பயந்து பயந்து குடிக்கும். பத்து நாளைக்கு ஒன்று முதலையின் வாய்க்குப் போகும். முதலைக்கும் நிம்மதி இல்லை. அவள் இரை தேடப் போன நேரம் பார்த்து, மணல்திட்டில் புதைத்த முட்டைகளை உடும்பு தோண்டித் தின்றுவிடும். வருஷா வருஷம் இப்படியே நடந்தது. இரண்டு பக்கமும் அலுத்துப்போயிற்று.

அப்போது மான் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன், பின்னால் தலைவனான கொம்பையாவின் அப்பா. அவனும் மடுவாச்சியும் எதிரெதிரே நின்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சூரியன் எழுந்ததிலிருந்து, கரையில் நிற்கும் மருதமரத்தின் நிழல் சுருங்கி அதன் வேருக்கு வரும்வரை, முதலை எந்த மானையும் தொடக் கூடாது. மான்கள் மணல்திட்டை மிதிக்கக் கூடாது. முட்டை தின்ன யார் திட்டில் ஏறினாலும், காவலுக்கு நிற்கும் மான் குரல் கொடுக்க வேண்டும். விலக நினைப்பவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் மூன்று காலை சொல்லைக் காக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் ஓடை நின்ற மறுநாள் இரண்டு பக்கமும் கரையில் கூடும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தனக்கு என்ன லாபம் என்று யாரும் பேசக் கூடாது. எதிரில் நிற்பவருக்கு என்ன நஷ்டம் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

"பசியோட படுத்துக்கிட்டு எங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். கைக்கு எட்டுறது வாய்க்கு வராது. அது உங்களுக்குக் கஷ்டம். எங்களுக்குத் தெரியும்" என்று மான் சொல்லும்.

"கோடையில எல்லாப் புல்லும் காஞ்சு கிடக்கும். திட்டுல மட்டும் கோரை பச்சையா இருக்கும். அதைத் தொடாம போறீங்க. அதுபோக ஒருத்தர் மேயாம காவல் நிக்கணும். அது உங்களுக்குக் கஷ்டம். எனக்குத் தெரியும்" என்று முதலை சொல்லும்.

அதோடு கூட்டம் கலைந்துவிடும். விருந்து கிடையாது, ஆட்டம் பாட்டம் கிடையாது. அக்கா தம்பி என்று உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளவும் மாட்டார்கள். எப்போதும் நீங்க, வாங்க, போங்க என்ற மரியாதைதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வைகாசியில் முட்டைக்குள்ளிருந்து முதலைக் குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். அம்மா வந்து மணலைத் தோண்டினால்தான் அவை வெளியே வர முடியும். திட்டின் ஓரத்தில் காவல் நிற்கும் மானுக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்கும். உடனே அது மடுவைப் பார்த்து, "உங்க பிள்ளைங்க கூப்பிடுறாங்க" என்று குரல் கொடுக்கும். மடுவாச்சி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருவாள். குஞ்சுகளை வாயில் கவ்வி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுவாள். மான் குட்டிகள் எட்டி எட்டி வேடிக்கை பார்க்கும். பன்னிரண்டு கோடை அப்படிப் போனது. எத்தனை அழகான கோடைகள் அவை!

பதின்மூன்றாவது கோடையில் செந்நாய்கள் வந்தன.

அந்த வருஷம் கொம்பையா மான்களின் தலைவன். அப்பாவைவிட உயரம், அப்பாவைவிட அழகான கொம்பு, அப்பாவைவிடக் கொஞ்சம் அவசரம். கூட்டத்தில் சிலம்பாயி என்று ஒரு பெண்மான். அவளுக்குப் பங்குனியில்தான் ஒரு குட்டி பிறந்திருந்தது. முதல் இரண்டு குட்டிகளையும் அவை பிறந்த வாரத்திலேயே பறிகொடுத்தவள் அவள். அதனால் இந்தக் குட்டியைத் தன் நிழலை விட்டு ஓர் அடி நகர விடமாட்டாள்.

ஓடை நின்ற மறுநாள் வழக்கப்படி எல்லாம் பேசி முடிந்தது. மடுவாச்சி முப்பது முட்டை இட்டு மணலில் புதைத்தாள். ஒரு மாதம் அமைதியாகப் போனது. பிறகு மலையைத் தாண்டி பதினொரு செந்நாய்கள் இறங்கின. முதல் வாரமே மூன்று மான்கள் போயின. காட்டுப்பன்றியின் குட்டிகள் இரண்டு போயின. நரியின் வளைக்குள் புகுந்து அதன் குட்டிகளையும் தூக்கிக்கொண்டு போயின.

காடே நடுங்கியது. அப்போது சிங்காரம் என்ற நரி எல்லாரையும் இலுப்பை மரத்தடிக்குக் கூப்பிட்டான்.

சிங்காரத்துக்கு ஊரெல்லாம் சொந்தம். யாரைப் பார்த்தாலும் ஒரு முறை வைத்துக் கூப்பிட்டுவிடுவான். "கொம்பையா மச்சான், தடியன் மாப்ளே, எல்லாரும் வாங்க. நமக்குள்ள ஆயிரம் இருக்கும். இப்ப அதெல்லாம் பேசுற நேரமா? செந்நாய்தான் நம்ம எல்லாருக்கும் எதிரி. நாம ஒண்ணா நின்னா அவன் நிக்க மாட்டான்" என்றான்.

"செந்நாய் போனா எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டான் தடியன். அவன் காட்டுப்பன்றிகளின் தலைவன். பேருக்கேற்ற உடம்பு.

"கிழங்குக் காடு முழுக்க உனக்கு மாப்ளே. மச்சானுக்கு மேய்ச்சல். எனக்கு என் வளை. ஆளுக்கு ஒண்ணு."

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே கூட்டணி உருவானது. என்ன உற்சாகம், என்ன கட்டிப்பிடிப்பு! பன்றி ஒன்று மான்குட்டியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

மடுவாச்சியையும் கூப்பிடப் போனார்கள்.

"அக்கா, நீங்களும் வந்தா நம்ம பலம் ரெண்டு மடங்கு" என்றான் சிங்காரம்.

"செந்நாய் போன பிறகு?" என்று கேட்டாள் மடுவாச்சி.

"போன பிறகு என்ன?"

"போன பிறகு நாம எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் யாரு?"

சிங்காரம் சிரித்தான். "அதை அப்புறம் பார்த்துக்கலாம் அக்கா."

"அப்ப நான் வரல. மான்களுக்கு ஒரு சொல் குடுத்திருக்கேன். அதைக் காப்பாத்துறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று சொல்லி அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

கொம்பையாவுக்கு முகம் சுருங்கிப்போனது. நியாயமாகப் பார்த்தால், யாருக்குத்தான் சுருங்காது? உயிர் போகிற நேரத்தில் பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் உதவிக்கு வரவில்லை. நேற்றுவரை முகம் பார்க்காத நரியும் பன்றியும் வந்து நிற்கின்றன.

சண்டை நாலாம் நாள் நடந்தது. மான்கள் செந்நாய்களின் கண்ணில் படுகிற மாதிரி ஓடி, அவற்றை முள்ளோடைக்குள் இழுத்தன. அங்கே பன்றிகள் ஒளிந்திருந்தன. பின்னாலிருந்து நரிகள் ஊளையிட்டு வழியை மறித்தன. ஓடைக்குள் முன்னே போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. இரண்டு பன்றிகள் செத்தன. கொம்பையாவின் இடக்கொம்பு உடைந்தது. ஆனால் செந்நாய்கள் ஆறு பேராகக் குறைந்து, வந்த மலையையே தாண்டி ஓடிப்போயின.

அந்த நாளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூட்டணி எதற்காக உருவானதோ அந்த வேலையை நன்றாகவே முடித்தது. அன்று சாயங்காலம் சிங்காரம் கொம்பையாவின் உடைந்த கொம்பை நக்கிக்கொடுத்தான். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அது நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு அது உண்மைதான்.

மறுநாள் காலை மான்கள் தண்ணீர் குடிக்க வந்தபோது, நரிகளும் பன்றிகளும் கூடவே வந்தன. மடுவாச்சி தலையைத் தூக்கினாள்.

"இந்த நேரம் மான்களுக்குத்தான் சொன்னது" என்றாள்.

"இவங்க நம்ம ஆளுங்க" என்றான் கொம்பையா.

"உங்க ஆளுங்க. எனக்கு முட்டை திங்கிறவங்க."

"முட்டையைப் பத்தி யாரு பேசினா? இவங்க எங்களுக்காக ரத்தம் சிந்தினவங்க. நீங்க எங்கே இருந்தீங்க அப்போ? நல்ல சினேகிதம்தான்!"

"சினேகிதம்னு நான் எப்போ சொன்னேன்?" என்றாள் மடுவாச்சி. "தண்ணி குடிக்கிற நேரத்துல தொட மாட்டேன்னு சொன்னேன். தொட்டேனா?"

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது. "பன்னிரண்டு வருஷமா நஷ்டக் கணக்கு ஒப்பிச்சதுதான் மிச்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான். மான்கள் நடுவே கலந்து நின்றதால் மடுவாச்சி நரியையும் தொடவில்லை, பன்றியையும் தொடவில்லை. அவள் பாட்டுக்குப் படுத்திருந்தாள்.

இப்படி இருபது நாள் போனது. புல் இன்னும் காய்ந்தது. கிழங்குக் காட்டில் மண் கல்லாக இறுகியது. எல்லார் வயிறும் ஒட்டிப்போனது. வைகாசி பிறந்தது. முட்டைகள் பொரிக்க இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது.

அன்று திட்டின் ஓரத்தில் காவல் நிற்கும் முறை சிலம்பாயிக்கு. பக்கத்தில் அவள் குட்டி. மடுவாச்சி தெற்குப் பாறைப் பக்கம் மீன் தேடிப் போயிருந்தாள். காவல் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் போனாள், எப்போதும் போல.

தடியன் புதரிலிருந்து வந்தான். அவனோடு சிங்காரமும் வந்தான். இருவரும் நேராக மணல்திட்டில் ஏறினார்கள்.

சிலம்பாயிக்கு முன்னங்கால் தூக்கிக்கொண்டது. தொண்டை வரைக்கும் குரல் வந்துவிட்டது. சிங்காரம் திரும்பிப் பார்த்து, "என்ன தங்கச்சி, எங்களுக்கா குரல் குடுக்கப் போறே? குட்டி நல்லா இருக்கா?" என்று கேட்டான்.

இருபது நாளாக அவள் குட்டியை முதுகில் சுமந்து விளையாட்டுக் காட்டியவன் தடியன். முள்ளோடையில் அவள் பின்னால் வந்த செந்நாயின் காலைக் கடித்தவன் சிங்காரம். எதிரியைப் பார்த்தால் கத்தலாம். சொந்தம் கொண்டாடுகிறவனைப் பார்த்து எப்படிக் கத்துவது? சும்மா பார்க்க வந்திருப்பார்கள் என்று அவள் தன் மனசுக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தாள். குரலை விழுங்கினாள்.

தடியன் மூக்கால் மணலைக் கிளறினான். முட்டைகள் வெளியே வந்தன. சிலவற்றுக்குள் கீச்சுச் சத்தம் ஆரம்பித்திருந்தது. அதைக் கேட்டு அவள் பதறிப்போய் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மடுவாச்சி வந்து பார்த்தாள். வெறும் ஓடுகள். மணலில் பன்றிக் குளம்பும் நரிக் கால்தடமும் இருந்தன. ஓரத்தில் சிலம்பாயியின் குளம்புத் தடமும் இருந்தது, நின்ற இடத்திலேயே நின்றதாக. மடுவாச்சி ஓடுகளை ஒவ்வொன்றாக மூக்கால் புரட்டினாள். ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்காதா என்று பார்த்தாள். முப்பதையும் பார்த்தாள். அழுகையை முதலைக் கண்ணீர் என்று கேலி செய்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவள் கரைக்கு வந்து கொம்பையாவைக் கூப்பிட்டாள்.

"குரல் வரல" என்றாள்.

கொம்பையா சிலம்பாயியைப் பார்த்தான். சிலம்பாயி தரையைப் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்கன்னு அவ நினைச்சிருப்பா" என்றான் கொம்பையா. அவன் குரலில் பழைய வேகம் இல்லை.

"நினைச்சிருப்பாங்க. நான் குத்தம் சொல்ல வரல. நான் விலகுறேன். முகத்துக்கு நேரே சொல்லிட்டேன். இன்னியோட சேர்த்து மூணு காலை உண்டு. அதுக்கப்புறம் இந்தக் கரைக்கு வராதீங்க."

"நாங்க எங்கே போவோம்? இதை விட்டா தண்ணி ஏது?"

"கிழக்கே ஆறு இருக்கு."

"ரெண்டு நாள் நடை. குட்டிகள் தாங்காது."

மடுவாச்சி தண்ணீருக்குள் போனாள்.

கொம்பையா என்ன செய்வதென்று தெரியாமல் தடியனிடம் ஓடினான். "மாப்ளே, எங்களோட வந்து கரையில நில்லு. முதலை மிரட்டுறா. நாம எல்லாரும் சேர்ந்து நின்னா அவளால என்ன செய்ய முடியும்?"

தடியன் ஒரு வேரைக் கடித்துக்கொண்டே கேட்டான். "செந்நாய் திரும்பி வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குக் கூட்டணி? செந்நாய்க்கு எதிராத்தானே சேர்ந்தோம். முதலைகிட்ட சண்டை போடணும்னு நான் எப்போ சொன்னேன்?"

சொன்னது சரிதான். அவன் சொல்லவே இல்லை. இலுப்பை மரத்தடியில் யாருமே அதைப் பேசவில்லை. கொம்பையா அங்கிருந்து சிங்காரத்தைத் தேடிப் போனான். சிங்காரம் வளையில் இல்லை. அவனும் அவன் சொந்தக்காரர்கள் மூன்று பேரும் வேறு ஒரு வேலையாகப் போயிருந்தார்கள். அது என்ன வேலை என்று மூன்றாம் நாள் காலையில் தெரிந்தது.

மூன்றாம் நாள் மான்கள் கடைசியாகத் தண்ணீர் குடிக்க வந்தன. எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடித்துவிட்டு ஆற்றுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. சிலம்பாயி தன் குட்டியைக் குனியவைத்து, "நல்லாக் குடி, இன்னும் குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோரைக்குள்ளிருந்து நாலு நரிகள் பாய்ந்தன. மூன்று நரிகள் சிலம்பாயிக்கும் குட்டிக்கும் நடுவே புகுந்து பிரித்தன. நாலாவது குட்டியை நேராகத் துரத்தியது. சிங்காரம்தான் அது. கூட்டம் சிதறி ஓடியது. குட்டிக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. மடுவுக்குள் குதித்தது.

அது குதித்த இடத்தில் மடுவாச்சி படுத்திருந்தாள்.

சிலம்பாயிக்கு உயிரே போய்விட்டது. கரையில் நரி, தண்ணீரில் முதலை. அதிலும் எந்த முதலை? இவள் வாயைத் திறக்காததால் முப்பது பிள்ளைகளைப் பறிகொடுத்த முதலை.

சிங்காரம் தண்ணீர் விளிம்பில் நின்றான். அவனுக்குத் தன் பேச்சின் மேல் எப்போதும் ஒரு நம்பிக்கை உண்டு. "அக்கா, பார்த்தீங்களா! உங்க முட்டை போனது யாரால? அந்தா நிக்கிறாளே, அவளால. அவ குட்டி இப்ப உங்க வாய்க்கிட்டயே வந்து நிக்குது. நீங்க பாதி, நாங்க பாதி. இனிமே நாமதான் கூட்டணி" என்றான்.

மடுவாச்சி மருதமரத்தைப் பார்த்தாள். நிழல் வேருக்கு வர இன்னும் இரண்டு சாண் இருந்தது.

"நேரம் இருக்கு" என்றாள்.

"என்ன அக்கா, விலகிட்டேன்னு சொன்னீங்களே."

"மூணு காலை உண்டுன்னும் சொன்னேன்."

அவள் உடம்பை ஆழத்துக்கு இறக்கிக்கொண்டாள். குட்டி அவள் முதுகுக்கு மேலேயே காலை உதறிக்கொண்டு நீந்திப் போனது. அதன் சின்னக் குளம்புகள் அவள் முதுகில் தட்டின. அவள் அசையவில்லை. குட்டி தென்கரையில் ஏறியது. சிலம்பாயி சுற்றிக்கொண்டு ஓடிப் போய் அதைத் தன் வயிற்றுக்கு அடியில் சேர்த்துக்கொண்டாள்.

கைக்கு வந்த இரை போகிறதே என்று சிங்காரத்துக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே போனால் பிடித்துவிடலாம் என்று வயிறு நனைய மடுவுக்குள் இறங்கினான். முதலைதான் யாரையும் தொடவில்லையே என்று நினைத்துவிட்டான். இந்த முறை அவனைச் சுற்றி மான்கள் யாரும் இல்லை. மடுவாச்சி அவனுக்கு எந்தச் சொல்லும் கொடுத்திருக்கவும் இல்லை. தண்ணீர் ஒருமுறை கலங்கியது, பிறகு தெளிந்தது. மற்ற மூன்று நரிகளும் எந்தத் திசையில் ஓடின என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து சிலம்பாயி மேற்குக் கரைக்கு வந்தாள்.

"உங்க பிள்ளைங்களை நான் காப்பாத்தல. என் பிள்ளையை நீங்க விட்டீங்க" என்றாள்.

"சொன்ன சொல்லு அது. உங்களுக்காகச் செய்யல."

"தெரியும்."

சிலம்பாயி தண்ணீரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்துக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் ஓடை நின்னதும் நாங்க வரலாமா? முன்ன மாதிரியே எல்லாம் பேசலாமா? இனிமே யார் வந்தாலும் குரல் குடுப்பேன். என் கூடப் பிறந்தவங்களா இருந்தாலும் குடுப்பேன்."

மடுவாச்சி நிழலைப் பார்த்தாள், சிலம்பாயியைப் பார்த்தாள்.

"தண்ணி குடுக்கிறது எனக்குப் பெரிசு இல்ல. ஒரு காலை நேரம் பசியை அடக்குறதும் பெரிசு இல்ல" என்றாள். "பன்னிரண்டு கோடை நான் முட்டையைப் புதைச்சுட்டு நிம்மதியாத் தூங்கினேன். எந்த முதலைக்கும் கிடைக்காத தூக்கம் அது. நீங்க நிக்கிறீங்கன்னு தூங்கினேன். இனிமே நீங்க நின்னாலும் எனக்குத் தூக்கம் வராது. அதை நீங்க எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

சிலம்பாயி திரும்பித் தன் குட்டியைப் பார்த்தாள்.

"குட்டியைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. நிழல் வந்துடுச்சு" என்றாள் மடுவாச்சி.

மான்கள் கிழக்கே நடந்தன. இரண்டு நாள் நடை. வழியில் நாலு குட்டிகள் வெயில் தாங்காமல் விழுந்தன. சிலம்பாயியின் குட்டி பிழைத்தது. ஆறு பெரிய ஆறுதான், தண்ணீருக்குக் குறைவில்லை. அதிலும் முதலைகள் இருக்கின்றன. அவற்றின் பெயர்கூட இந்த மான்களுக்குத் தெரியாது. ஒரு வாய் குடிக்கும், நாலு முறை நிமிரும், பாதித் தாகத்தோடு திரும்பி ஓடும்.

அங்கே மரநிழலில் படுத்திருக்கும்போது வயசான மான்கள் பேசிக்கொள்ளும். முள்ளோடைச் சண்டையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கொக்குப்பாறை மடுவில் மூக்கு நனையக் குடித்த காலைகளைப் பற்றித்தான் பேசும். முட்டைக்குள் கீச்சென்று கத்திய குஞ்சுகளைப் பற்றிப் பேசும். அப்போது சிலம்பாயி மட்டும் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

இங்கே மடுவாச்சி ஒவ்வொரு கோடையும் முட்டை இட்டு, அதன் மேலேயே படுத்து, சாப்பிடப் போகாமல் எலும்பும் தோலுமாகக் காவல் காக்கிறாள். மேற்குக் கரையில் காலை வெயில் இப்போதும் அதே மாதிரிதான் விழுகிறது.

பொது எதிரி இருக்கும்வரை நிற்பது கூட்டணி, சொன்ன சொல் இருக்கும்வரை நிற்பது உடன்படிக்கை. முன்னதன் உற்சாகத்தில் பின்னதைக் கைவிட்டவர் கடைசியில் இரண்டையும் இழப்பார்.